இன்டேக் மேனிஃபோல்ட் மாற்றுதல்: சரியானதைத் தேர்ந்தெடுத்துச் சரியாகப் பொருத்துவது எப்படி

காற்றை இன்ஜினின் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டை மாற்றினால் எத்தனை குதிரைத்திறன் கூடும் என்றுதான் பெரும்பாலானவர்கள் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: முழு த்ராட்டிலில், அதாவது பெடலை முழுவதும் மிதித்து, ஓட்டும்போது என் இன்ஜின் எந்த ஆர்பிஎம்மிலிருந்து (நிமிடத்துக்கான சுழற்சி எண்ணிக்கை) எந்த ஆர்பிஎம் வரை சுழல்கிறது? இதற்கு விடை தெரியாமல் வாங்கப்படும் மேனிஃபோல்ட், எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், காரை முன்பைவிட மெதுவாக்கிவிடக்கூடும்.

விடையைக் கண்டுபிடிக்க உங்கள் காரின் கியர் விகிதங்களே போதும். இரண்டாம் கியரின் விகிதம் 2.0, மூன்றாம் கியரின் விகிதம் 1.4 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் கியரில் 7000 ஆர்பிஎம் வரை ஏற்றிவிட்டு மூன்றாவதுக்கு மாற்றினால், 7000-ஐ 1.4-ஆல் பெருக்கி 2.0-ஆல் வகுத்த எண்ணுக்கு, அதாவது 4900 ஆர்பிஎம்முக்கு இன்ஜின் இறங்கும். ஆகவே பந்தயத் தடத்தில் அந்தக் காருக்கு முக்கியமான பகுதி 4900 முதல் 7000 வரை மட்டுமே. அதே கார் தினமும் சாலையில் ஓடுவதாக இருந்தால், நேரத்தின் பெரும்பகுதி 1500-க்கும் 4000-க்கும் இடையில்தான் கழியும். இந்த இரண்டு எல்லைகளையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு அதன் பிறகு மேனிஃபோல்டைத் தேடத் தொடங்குங்கள்.

ரன்னர் நீளமும் அழுத்த அலையும்

த்ராட்டில் பாடி வழியாக வரும் காற்று முதலில் பிளீனம் எனப்படும் பொது அறையில் சேர்கிறது. அங்கிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு ரன்னர் பிரிந்து செல்கிறது. ரன்னரை வெறும் குழாய் என்று நினைத்துவிடக் கூடாது. இன்டேக் வால்வு திறந்து பிஸ்டன் கீழே இறங்கும்போது, ரன்னருக்குள் ஒரு தாழ்வழுத்த அலை கிளம்பி ஒலியின் வேகத்தில் பிளீனத்தை நோக்கி ஓடுகிறது. ரன்னரின் திறந்த வாயை அடைந்ததும் அது உயரழுத்த அலையாக மாறித் திரும்புகிறது. வால்வு மூடுவதற்குச் சற்று முன்பு அந்த அலை வந்து சேர்ந்தால், பிஸ்டனால் இழுக்க முடிந்ததைவிடக் கூடுதலான காற்று சிலிண்டருக்குள் தள்ளப்படும். மூடிய பிறகு வந்து சேர்ந்தால் அதனால் பயன் ஏதும் இல்லை.

எண்களோடு பார்த்தால் இது தெளிவாகும். 6000 ஆர்பிஎம்மில் கிராங்க்ஷாஃப்ட் ஒரு மில்லி நொடியில் 36 டிகிரி சுழல்கிறது. அலை போய்த் திரும்ப நமக்குக் கிடைக்கும் அவகாசம் 90 டிகிரி என்று கொண்டால், அது 2.5 மில்லி நொடி. 20 டிகிரி செல்சியஸில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் என்பதால், அந்த நேரத்தில் அலை 86 சென்டிமீட்டர் ஓடும். போவதற்குப் பாதி, வருவதற்குப் பாதி என்றால் வால்விலிருந்து ரன்னரின் வாய்வரை 43 சென்டிமீட்டர் நீளம் தேவைப்படுகிறது. இதில் சிலிண்டர் ஹெட்டுக்குள் இருக்கும் காற்றுவழியான போர்ட்டின் நீளமும் அடங்கும். இதே கணக்கை 8000 ஆர்பிஎம்முக்குப் போட்டால் நீளம் 32 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. 3000 ஆர்பிஎம்முக்குப் போட்டால் 86 சென்டிமீட்டராக நீண்டுவிடுகிறது. அவ்வளவு நீளமான குழாயைப் பானட்டுக்கு அடியில் வைக்க முடியாது என்பதால், தயாரிப்பாளர்கள் தாழ்ந்த வேகத்தில் அலையின் இரண்டாவது, மூன்றாவது எதிரொலிப்பைப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். 90 டிகிரி என்பது விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட அளவு. உண்மையான அளவு, வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டைப் பொறுத்து மாறும். ஆனால் நீளமான ரன்னர் தாழ்ந்த ஆர்பிஎம்முக்கும் குட்டையான ரன்னர் உயர்ந்த ஆர்பிஎம்முக்கும் துணைசெய்யும் என்ற விதி எந்த இன்ஜினிலும் மாறுவதில்லை.

இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு நல்ல எடுத்துக்காட்டு ஃபோர்டு மஸ்டாங். 2012-ஆம் ஆண்டின் மஸ்டாங் ஜிடி காரில் இருந்த 5.0 லிட்டர் வி8 இன்ஜின் 6500 ஆர்பிஎம்மில் 412 குதிரைத்திறனும், 390 பவுண்டு அடி முறுக்குவிசையும் தந்தது. அதே ஆண்டு வந்த பாஸ் 302 காரில், அதே குடும்பத்து இன்ஜின் குட்டை ரன்னர் கொண்ட மேனிஃபோல்டோடும் வேறு கேம்ஷாஃப்டோடும் திருத்தப்பட்ட ஹெட்டோடும் வந்து, 7400 ஆர்பிஎம்மில் 444 குதிரைத்திறனைத் தந்தது. முறுக்குவிசை மட்டும் 380-ஆகக் குறைந்தது. கிடைத்த 32 குதிரைத்திறன் முழுவதும் மேலேதான் இருந்தது, அதை எட்டிப்பிடிக்க இன்ஜினைக் கூடுதலாக 900 ஆர்பிஎம் சுழற்ற வேண்டியிருந்தது. உங்கள் இன்ஜினின் வேக வரம்பு 6500-இலேயே நிற்கிறதென்றால், அப்படிப்பட்ட மேனிஃபோல்டைத் தனியாக வாங்கிப் பொருத்துவதால் இழப்பே மிஞ்சும்.

இரண்டையும் ஒருசேரப் பெற விரும்பிய தயாரிப்பாளர்கள் வழிமாறும் மேனிஃபோல்டுகளை உருவாக்கினார்கள். ஹோண்டாவின் பி18சி இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் நீளமான வழி ஒன்றும் குட்டையான வழி ஒன்றும் இருந்தன. உயர்ந்த ஆர்பிஎம்மில் குட்டை வழியின் வால்வுகள் திறக்கும். அதே இன்ஜினின் டைப் ஆர் வடிவத்தில் அந்த ஏற்பாட்டையே எடுத்துவிட்டு, ஒற்றை வழி மேனிஃபோல்டை வைத்தார்கள், ஏனென்றால் அந்தக் கார் எப்போதும் மேலேயே ஓட்டப்படும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் காரில் இத்தகைய வழிமாற்றும் அமைப்பு இருந்து, காரைப் பெரும்பாலும் சாலையில்தான் ஓட்டுகிறீர்கள் என்றால், அதைக் கழற்றி எறிவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள். அதன் வால்வுகளும் வேக்குவம் ஆக்சுவேட்டரும் சரியாக வேலைசெய்கின்றனவா என்று பார்த்துப் பழுது நீக்குவதே சில கார்களுக்குப் போதுமான முன்னேற்றத்தைத் தந்துவிடும்.

பிளீனம், பொருள், அழுத்தம்

பிளீனத்தின் கொள்ளளவு பெரிதாக இருந்தால் உயர்ந்த ஆர்பிஎம்மில் எல்லாச் சிலிண்டர்களுக்கும் தட்டுப்பாடில்லாமல் காற்று கிடைக்கும். ஆனால் பெடலை மிதித்ததும் அந்த அறை முழுவதும் நிரம்ப வேண்டியிருப்பதால், இன்ஜினின் மறுமொழி சற்றே மந்தமாகும். டர்போ இன்ஜின்களில் பெரிய பிளீனம் பொதுவாக நன்மையே செய்யும். த்ராட்டில் பாடி ஒரு ஓரத்தில் இருக்கும் மேனிஃபோல்டுகளில், காற்று எல்லா ரன்னர்களுக்கும் சமமாகப் பிரிகிறதா என்பது கொள்ளளவைவிட முக்கியமானது. ஒரு சிலிண்டர் மட்டும் கூடுதல் காற்றை வாங்கிக்கொண்டால், எல்லா இன்ஜெக்டர்களும் ஒரே அளவு எரிபொருளை விடும் நிலையில், அந்தச் சிலிண்டரின் கலவை மெலிந்து நாக், அதாவது கலவை தானாக வெடித்து இன்ஜினைத் தட்டும் நிலை, ஏற்படும். எக்ஸாஸ்டில் இருக்கும் ஒரே ஆக்ஸிஜன் சென்சார் எல்லாச் சிலிண்டர்களின் சராசரியைத்தான் காட்டும் என்பதால், அதைப் பார்த்து இந்தக் குறையைக் கண்டுபிடிக்க முடியாது. பிளீனத்தின் அடிப்பகுதி ஓரத்தை நோக்கிச் சரிந்து குறுகுவதும், ஒவ்வொரு ரன்னரின் வாயும் மணி வடிவில் வளைந்திருப்பதும் நல்ல வடிவமைப்பின் அடையாளங்கள். வாங்கும் முன் பிளீனத்தின் உட்புறப் படத்தைக் கேட்டுப் பாருங்கள். ரன்னரின் வாய் கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையாக முடிந்தால், அந்த மேனிஃபோல்டை நான் வாங்க மாட்டேன்.

இப்போதைய கார்களில் மேனிஃபோல்ட் பெரும்பாலும் கண்ணாடியிழை கலந்த நைலானால் ஆனது. அதைப் பிளாஸ்டிக் என்று இகழ்வது சரியன்று. உட்சுவர் வழவழப்பாக இருக்கும், எடை குறைவு, இன்ஜினின் சூட்டைக் காற்றுக்குக் கடத்துவதும் அலுமினியத்தோடு ஒப்பிட்டால் மிகமிகக் குறைவு. உள்ளே செல்லும் காற்றின் வெப்பம் 3 டிகிரி செல்சியஸ் கூடினால் அதன் அடர்த்தி ஏறத்தாழ 1 சதவீதம் குறைகிறது என்பதை மனத்தில் கொண்டால், இதன் அருமை புரியும். டர்போ பூஸ்ட், அதாவது டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம், கூட்டப்படும் இன்ஜினில் கதை வேறு. 20 சென்டிமீட்டருக்கு 40 சென்டிமீட்டர் அளவுள்ள தட்டையான பிளீனச் சுவர் ஒன்றின்மீது 1.5 பார் பூஸ்ட் செலுத்தும் விசை ஏறத்தாழ 12,000 நியூட்டன், அதாவது ஒரு சிறிய காரின் எடைக்கு ஈடானது. அந்த விசை ஒவ்வொரு முறை பெடலை மிதிக்கும்போதும் வந்து போகிறது. வார்ப்பு அலுமினிய மேனிஃபோல்ட் இதைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். தகடுகளை வெல்ட் செய்து உருவாக்கப்பட்டதாக இருந்தால், தகட்டின் தடிமன், உட்புற விறைப்புத் தட்டுகள், வெல்டின் தொடர்ச்சி ஆகியவற்றைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

உங்கள் ஹெட்டுக்குப் பொருந்துமா?

ஒரே பெயர்கொண்ட இன்ஜின் குடும்பத்துக்குள்ளேயே போர்ட் வடிவம் மாறும். ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் வி8 இன்ஜின்களில் எல்எஸ்1, எல்எஸ்2, எல்எஸ்6 ஆகியவற்றின் போர்ட்டுகள் தேவாலயச் சாளரம்போல் உயரமாகவும் ஒடுங்கியும் இருக்கும்; எல்எஸ்3-இன் போர்ட் அகலமான செவ்வகம்; எல்எஸ்7-க்குத் தனி வடிவம். ஒன்றுக்கான மேனிஃபோல்ட் மற்றொன்றின் ஹெட்டில் சேராது. ஆகவே காரின் பெயரையும் ஆண்டையும் மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஹெட்டின் வார்ப்பு எண்ணைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள், குறிப்பாகப் பழைய உரிமையாளர் ஒருவர் இன்ஜினைத் திறந்திருக்கக்கூடிய கார்களில்.

அதே குடும்பத்து இன்ஜினின் மேம்பட்ட வடிவத்துக்காகத் தொழிற்சாலையிலேயே தயாரான மேனிஃபோல்ட் கிடைக்குமானால், அதையே முதலில் பரிசீலிக்கச் சொல்வேன். எல்எஸ்1-க்கு எல்எஸ்6-இன் மேனிஃபோல்டும், ஹோண்டாவின் கே20 இன்ஜின்களுக்கு 2006-இல் வந்த சிவிக் எஸ்ஐ காரின் ஆர்பிசி மேனிஃபோல்டும் நெடுங்காலமாக இப்படிப் பயன்பட்டுவருகின்றன. அவற்றின் பரப்புகள் சமமாக இருக்கும், சென்சார்களுக்கான இடம் பெரும்பாலும் தயாராக இருக்கும், பல ஆண்டு அதிர்வைத் தாங்கியதற்கான சான்றும் இருக்கும்.

த்ராட்டில் பாடியின் விட்டத்தைக் கூட்டும்போது பரப்பளவு இருமடி விகிதத்தில் கூடுகிறது. 70 மில்லிமீட்டரிலிருந்து 80-க்குப் போனால் பரப்பு 31 சதவீதம் பெரிதாகிறது. இன்ஜினுக்கு அவ்வளவு காற்று தேவைப்படாவிட்டால், பெடலை லேசாகத் தொட்டாலே கார் துள்ளும், ஐடில் வேகத்தை நிலைப்படுத்துவதும் கடினமாகும். மின்னணு த்ராட்டில் உள்ள கார்களில் கனெக்டரின் வகையும் போல்ட் துளைகளின் அமைப்பும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

பிறகு, பழைய மேனிஃபோல்டில் பொருந்தியிருக்கும் ஒவ்வொன்றையும் கணக்கெடுங்கள்: பிரேக் பூஸ்டர் ஹோஸ், கிராங்க்கேஸ் வாயுவை உள்ளிழுக்கும் பிசிவி, எரிபொருள் ஆவியை இழுக்கும் பர்ஜ் வால்வு, மேனிஃபோல்டின் உள்ளழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார், காற்று வெப்பநிலை சென்சார், எரிபொருள் அழுத்த ரெகுலேட்டர், சில இன்ஜின்களில் கூலன்ட் வழி, எக்ஸாஸ்ட் வாயுவில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும் ஈஜிஆர். ஒவ்வொன்றுக்கும் புதிய மேனிஃபோல்டில் இடம் இருக்க வேண்டும். பிரேக் பூஸ்டருக்கான துளை சிறியதாக இருக்கும் மேனிஃபோல்டை எக்காரணம் கொண்டும் ஏற்காதீர்கள். இன்ஜெக்டர்களின் நீளம், ஓ-ரிங்கின் விட்டம், அவை வால்வை நோக்கிச் சாயும் கோணம் ஆகியவையும் ஒத்துப்போக வேண்டும். சாலையில் ஓடும் காராக இருந்தால், புகை விதிகளின்படி இந்த மாற்றம் அனுமதிக்கப்படுகிறதா என்பதையும் வாங்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியா போன்ற இடங்களில் பாகத்துக்கே தனி ஒப்புதல் எண் கேட்கப்படுகிறது.

பானட்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையிலான இடைவெளியை அளக்கக் குழந்தைகள் விளையாடும் களிமண் போதும். மேனிஃபோல்டை கேஸ்கெட் இல்லாமல் தற்காலிகமாக வைத்து, அதன் உயரமான இடங்களில் களிமண் உருண்டைகளை ஒட்டி, பானட்டை மெதுவாக மூடித் திறந்து, நசுங்கிய களிமண்ணின் தடிமனை அளந்துபாருங்கள். முறுக்குவிசை ஏறும்போது இன்ஜின் தன் தாங்கிகளில் சாயும் என்பதால், 20 மில்லிமீட்டருக்குக் குறைவான இடைவெளியை நான் ஏற்பதில்லை.

பொருத்துவதற்கு முன்

புதிய மேனிஃபோல்ட் பெட்டியிலிருந்து வந்ததும் சுத்தமாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ஒருமுறை வெல்ட் செய்யப்பட்ட புதிய மேனிஃபோல்ட் ஒன்றை வெந்நீரும் சோப்பும் ஊற்றி நீண்ட பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவியபோது, கடைசி ரன்னரிலிருந்து மிளகு அளவில் மூன்று அலுமினிய உருண்டைகள் தட்டில் விழுந்தன. வெல்டிங்கின்போது உட்புறம் தெறித்து ஒட்டியிருந்தவை அவை. அவற்றில் ஒன்று வால்வுக்கும் அதன் இருக்கைக்கும் இடையில் சிக்கியிருந்தாலும் அந்த இன்ஜின் அன்றே திறக்கப்பட்டிருக்கும். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது; டார்ச் அடித்து, விரல் எட்டும் இடமெல்லாம் தடவிப் பார்த்து, மறுபடி கழுவி, அழுத்தக் காற்றால் ஊதி முழுவதும் உலரவிடுங்கள்.

அடுத்தது, ஹெட்டோடு சேரும் பரப்பான ஃபிளாஞ்சின் சமதளம். நேர்ச்சட்டம் ஒன்றை நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைவிட்டமாகவும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பாருங்கள். 0.10 மில்லிமீட்டர் தகடு தாராளமாக நுழைந்தால், சர்வீஸ் கையேட்டில் உள்ள வரம்போடு ஒப்பிட்டுப் பார்த்து, தேவையானால் மெஷின் ஷாப்பில் கொடுத்துச் சமப்படுத்துங்கள். வெல்ட் செய்யப்பட்டவற்றில் இந்த வளைவு சாதாரணமாகவே காணப்படும். கேஸ்கெட் அதை நிரப்பிவிடும் என்று எண்ணி விட்டுவிட்டால், பின்னால் ஐடில் நிலைக்காமல் அலைக்கழிப்பீர்கள்.

போர்ட்டுகளை ஒப்பிட, கேஸ்கெட்டை முதலில் ஹெட்டிலும் பிறகு மேனிஃபோல்டிலும் வைத்துக் கோடு கீறிப் பாருங்கள். மேனிஃபோல்டின் துளை ஹெட்டின் துளையைவிடச் சற்றுச் சிறியதாக இருந்தால் பெரிய கேடு இல்லை. திரும்பி வரும் காற்றை அந்தப் படி ஓரளவு தடுக்கவும் செய்யும். மேனிஃபோல்டின் துளை பெரியதாக இருந்து காற்று ஹெட்டின் விளிம்பில் முட்டிக்கொள்கிறதென்றால் மட்டும் திருத்த வேண்டும். இன்ஜின் காரில் இருக்கும்போது ஹெட்டைக் குடைந்து திருத்தாதீர்கள்.

கழற்றுதல்

இன்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். எரிபொருள் பம்ப்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, மேலும் இரண்டு நொடி ஸ்டார்ட்டரைச் சுழற்றினால் ரெயிலில் உள்ள அழுத்தம் இறங்கிவிடும். அதன் பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். அப்படியும் மிச்ச எரிபொருள் வழியும் என்பதால், இணைப்பைச் சுற்றித் துணி வைத்துக்கொண்டு திறக்க வேண்டும். நேரடி இன்ஜெக்‌ஷன் இன்ஜின்களில் உயரழுத்தப் பக்கம் 200 பாரையும் தாண்டக்கூடும். அங்கே சர்வீஸ் கையேட்டின் வரிசையை ஓர் அடிகூட விலகாமல் பின்பற்றுங்கள். கழற்றிய உயரழுத்தக் குழாயை மறுபடி பயன்படுத்தாமல் புதிதாக மாற்றச் சொல்லும் தயாரிப்பாளர்களும் உண்டு.

ஒரு போல்டைக்கூடத் தொடுவதற்கு முன், மேனிஃபோல்டைச் சுற்றியுள்ள மண்ணையும் தூசியையும் காற்றால் ஊதி அகற்றுங்கள். ஒவ்வொரு ஹோஸிலும் கனெக்டரிலும் எண் எழுதிய டேப்பை ஒட்டிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். போல்டுகளின் நீளம் இடத்துக்கு இடம் மாறும். அட்டையில் மேனிஃபோல்டின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் துளையிட்டுப் போல்டுகளைச் செருகிவைப்பது நான் கண்டவற்றில் எளிய முறை. மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் தாங்கு பிராக்கெட்டை மறந்துவிட்டு மேலே நெம்பி உடைத்தவர்கள் பலர். இழுத்து வராவிட்டால் எங்கோ இன்னும் ஒரு போல்ட் இருக்கிறது என்று பொருள்.

மேனிஃபோல்ட் வெளியே வந்த அந்த நொடியிலேயே, நூல் பிரியாத சுத்தமான துணியால் ஒவ்வொரு போர்ட்டையும் அடையுங்கள். எத்தனை துணி வைத்தீர்கள் என்பதை எழுதிவையுங்கள். எடுக்கும்போது அதே எண்ணிக்கை வர வேண்டும். பழைய கேஸ்கெட்டைப் பிளாஸ்டிக் சுரண்டியால் பொறுமையாக எடுங்கள். டிரில்லில் மாட்டும் உராய்வு வட்டுகளை இந்த இடத்தில் பயன்படுத்தவே கூடாது. அவற்றிலிருந்து உதிரும் நுண்துகள் எண்ணெயில் கலந்து பேரிங்குகளை அரித்துவிடும்.

நேரடி இன்ஜெக்‌ஷன் இன்ஜினாக இருந்தால் இங்கே ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. இவற்றில் எரிபொருள் நேரே சிலிண்டருக்குள் தெளிக்கப்பட்டு, இன்டேக் வால்வின் பின்புறத்தைக் கழுவாததால், அங்கே கருமையான கார்பன் படலம் கட்டியாகப் படிந்திருப்பதைக் காண்பீர்கள். மேனிஃபோல்ட் கழன்றிருக்கும் இந்த நேரத்திலேயே வால்நட் ஓட்டுத் துகளை அடித்துச் சுத்தம் செய்யும் வசதியுள்ளவரிடம் அதை முடித்துக்கொள்ளுங்கள். சுத்தம் செய்யும் சிலிண்டரின் இன்டேக் வால்வுகள் அப்போது முழுவதும் மூடியிருக்க வேண்டும். படிவு அதிகமாக இருந்த இன்ஜினில், புதிய மேனிஃபோல்ட் தருவதைவிட இந்தச் சுத்தம் தருவதே கூடுதலாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பொருத்துதல்

கேஸ்கெட்டும் ஓ-ரிங்குகளும் புதியவையாக இருக்கட்டும். மேனிஃபோல்ட் கேஸ்கெட்டில் சீலன்ட் பூச வேண்டாம். சில பழைய வி வடிவ இன்ஜின்களில் பள்ளத்தின் முன், பின் விளிம்புகளிலும் மூலைகளிலும் மட்டும் கையேடு சொல்லும் அளவில் அது தேவைப்படும். ஹெட்டின் திருகுத்துளைகளில் எண்ணெயோ கூலன்டோ தேங்கியிருந்தால் ஊதி எடுத்துவிடுங்கள். போல்டுகளை முதலில் விரலால் சில சுற்று திருகுங்கள். எல்லாம் தடையின்றி ஏறிய பிறகே ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

இறுக்குவதில்தான் இந்த வேலையின் தரம் இருக்கிறது. நடுவிலிருந்து தொடங்கி, மாறி மாறி இரு ஓரங்களையும் நோக்கி, குறைந்தது இரண்டு சுற்றுகளில் இறுக்குங்கள். எல்எஸ்1 இன்ஜினில் முதல் சுற்று 5 நியூட்டன் மீட்டர், இரண்டாம் சுற்று 10 நியூட்டன் மீட்டர் மட்டுமே. ஹோண்டாவின் கே20 இன்ஜினில் 22 நியூட்டன் மீட்டர். கையால் உணர்ந்து இறுக்கிப் பழகியவர்களுக்கு 10 நியூட்டன் மீட்டர் போதாததுபோலவே தோன்றும். சக்கர நட்டுகளுக்குப் பயன்படும் பெரிய டார்க் ரென்ச் அந்த அளவில் நம்பகமாகக் காட்டாது. 5 முதல் 25 வரை அளக்கும் சிறியது ஒன்று வேண்டும். கையேட்டின் எண் உலர்ந்த திருகுக்கானது என்றால், எண்ணெய் பூசிய திருகை அதே எண்ணுக்கு இறுக்கும்போது போல்ட் கூடுதலாக இழுபடும், அலுமினிய ஹெட்டின் திருகு பிய்ந்துவிடும்.

இன்ஜெக்டர்களின் ஓ-ரிங்குகளில் ஒரு துளி சுத்தமான இன்ஜின் ஆயிலைத் தடவி, ரெயிலை இரு பக்கமும் சமமாக அழுத்தி உட்காரவையுங்கள். உட்கார்ந்த பிறகு ஒவ்வொரு இன்ஜெக்டரையும் விரலால் சுழற்றிப் பார்க்க வேண்டும். லேசாகச் சுழன்றால் ஓ-ரிங் நேராக இருக்கிறது, இறுகி நின்றால் எங்கோ மடங்கியிருக்கிறது. இந்தச் சோதனையை ஒருமுறை அவசரத்தில் விட்டுவிட்டேன். மூன்றாவது இன்ஜெக்டரின் கீழ் ஓ-ரிங் அரைவட்டமாக வெட்டுப்பட்டிருந்தது, ஐடில் 700-க்கும் 1200-க்கும் இடையில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது, காரணம் தெரிய இரண்டு மாலைகள் ஆயின.

த்ராட்டில் பாடியைப் பொருத்தியதும், அதன் தட்டு முழுவதும் திறந்த நிலையில் பிளீனத்தின் உட்சுவரில் முட்டுகிறதா என்று பாருங்கள். கீழே இருந்த தாங்கு பிராக்கெட்டைத் திரும்ப மாட்டுங்கள், அது பொருந்தாவிட்டால் புதிதாக ஒன்றைச் செய்துகொள்ளுங்கள். அது இல்லாத கனமான அலுமினிய மேனிஃபோல்ட் அதிர்வில் ஆடி ஸ்டட்டுகளை முறிக்கும். டர்போ கார்களில், ஹோஸ் கழன்று போகாமல் இருக்கக் குழாயின் முனையில் மேடு உருட்டப்பட்டிருக்க வேண்டும், கிளாம்ப் அந்த மேட்டுக்குப் பின்னால் அமர வேண்டும். பிரேக் பூஸ்டர் ஹோஸில் உள்ள ஒருவழி வால்வின் திசையை மறுமுறை பாருங்கள்.

முதல் ஸ்டார்ட்டும் கசிவுச் சோதனையும்

பேட்டரியையும் ஃபியூஸையும் இணைத்த பிறகு, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை இரண்டு மூன்று முறை போட்டு எடுங்கள். ஒவ்வொரு முறையும் பம்ப் சில நொடி ஓடி ரெயிலை நிரப்பும். டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு இன்ஜெக்டரையும் இணைப்பையும் பாருங்கள். ஈரம் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கூலன்ட் வழியைத் திறந்திருந்தால், நிரப்பிக் காற்றை வெளியேற்றிய பிறகே இன்ஜினை வெப்பமேற விட வேண்டும்.

இன்ஜின் ஓடத் தொடங்கியதும் ஸ்கேன் கருவியில் ஃபியூவல் டிரிம்மை, அதாவது இன்ஜின் கணினி எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் திருத்தத்தின் அளவை, பாருங்கள். காற்றின் நிறையை அளக்கும் மாஃப் சென்சார் உள்ள காரில், ஐடிலில் டிரிம் பிளஸ் 15 சதவீதம் போல் உயர்ந்து நின்று, 3000 ஆர்பிஎம்மில் சுழியத்தை நெருங்கினால், சென்சாரைத் தாண்டிய இடத்தில் காற்று கசிந்து நுழைகிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். மேப் சென்சாரை மட்டும் நம்பும் கார்களில் கசியும் காற்றையும் சென்சார் கணக்கில் எடுத்துக்கொள்வதால், டிரிம் பெரிதாக மாறாமல் ஐடில் வேகம் மட்டும் உயர்ந்து நிற்கும். கசிவின் இடத்தைக் காணப் புகை செலுத்தும் கருவியே சிறந்தது. எரியக்கூடிய கிளீனரைச் சூடான இன்ஜின்மீது தெளித்துப் பார்க்கும் பழக்கம் பரவலாக இருந்தாலும், அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஈசியு டியூனிங்

மேனிஃபோல்டை மாற்றியதும் எந்த ஆர்பிஎம்மில் எவ்வளவு காற்று உள்ளே வருகிறது என்ற கணக்கே மாறிவிடுகிறது. மேப் சென்சாரை வைத்துக் கணக்கிடும் ஈசியுவுக்கு (இன்ஜின் கணினிக்கு) இது தெரியாது. அதன் உள்ளிழுப்புத் திறன் அட்டவணையைத் திருத்தாமல் முழு த்ராட்டிலில் ஓட்டக் கூடாது. மாஃப் உள்ள கார்கள் ஓரளவு தாமாகச் சரிசெய்துகொள்ளும், என்றாலும் இக்னிஷன் டைமிங் பழைய மேனிஃபோல்டுக்கானதாகவே இருக்கும். கலவையைத் துல்லியமாக அளக்கும் வைட்பேண்ட் சென்சாரோடு, திறனை அளக்கும் டைனோவில் டியூன் செய்யும்போது, டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினுக்கு முழு த்ராட்டிலில் லாம்டா (கலவையின் அளவு; 1-க்குக் கீழே போனால் எரிபொருள் கூடுதல்) 0.85 முதல் 0.90 வரை இருப்பது வழக்கம். டர்போ இன்ஜின்களில் இன்னும் செறிவாக, 0.80 அளவில் வைப்பார்கள். டர்போ காரில் பூஸ்ட் கேஜ் முன்பைவிடக் குறைவாகக் காட்டினால் உடனே கவலைப்பட வேண்டியதில்லை. தடை குறைந்து காற்று எளிதாகச் சிலிண்டருக்குள் போய்விடுவதால், அழுத்தம் சற்று இறங்கியும் காற்றின் நிறை கூடியிருக்கலாம்; மாஃப் அளவையும் திறனையும் சேர்த்துப் பார்த்தே முடிவுக்கு வாருங்கள்.

மாற்றுவதற்கு முன் ஒரு முறையும் மாற்றிய பின் ஒரு முறையும் அதே டைனோவில் அதே கியரில் ஓட்டி, இரண்டு வரைபடங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். முதலில் தாளில் எழுதிவைத்த பகுதியை (நம் எடுத்துக்காட்டில் பந்தயத் தடத்துக்கு 4900 முதல் 7000 வரை) மட்டும் பாருங்கள். அந்தப் பகுதியில் புதிய கோடு பெரும்பாலும் மேலே இருந்தால் மேனிஃபோல்ட் சரியானது. கடைசி 300 ஆர்பிஎம்மில் மட்டும் மேலேறி, மற்ற இடமெல்லாம் கீழே கிடந்தால், கேம்ஷாஃப்டையோ வேக வரம்பையோ அதற்கேற்ப மாற்றப்போகிறீர்களா அல்லது பழையதைத் திரும்ப மாட்டப்போகிறீர்களா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு, ஆறிய இன்ஜினில் கிளாம்ப்புகளையும் பிராக்கெட்டையும் ஹோஸ்களையும் ஒருமுறை பாருங்கள். நார் கேஸ்கெட் பயன்படுத்தியிருந்தால் போல்டுகளை அதே வரிசையில் அதே அளவுக்கு மறுபடி சரிபார்க்கலாம். ரப்பர் சீலும் உலோகக் குழலும் கொண்ட நைலான் மேனிஃபோல்டில் மீண்டும் இறுக்க வேண்டியதில்லை. கழற்றிய மேனிஃபோல்டின் போர்ட்டுகளை டேப் ஒட்டி அடைத்து, அதன் போல்டுகளும் பிராக்கெட்டும் ஒரு பையில் அதோடே இருக்கும்படி கட்டிவையுங்கள்.